அடீனியா: ஐப்பசி மழையைத் தாண்ட வைப்பது எப்படி

அடித்தண்டு பருத்த கொடிச்செடியான அடீனியா மொட்டைமாடி வெயிலில் சாவதில்லை. சித்திரையில் தளத்தில் கால் வைக்க முடியாத சூட்டிலும் கொடி விட்டுக்கொண்டுதான் இருக்கும். அது சாவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். நம் ஊர் நர்சரிகளில் கிடைக்கும் அடீனியாக்களில் பலவும் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கத்துச் செடிகள். அங்கே கோடையில்தான் மழை. அதைக் குடித்து அடித்தண்டைப் பருக்க வைத்துக்கொண்டு, வறண்ட குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கிவிடும். புதுச்சேரியிலும் கடலூரிலும் கணக்கு தலைகீழ். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டுகிறது. பகல் குறுகி, செடி தூங்கப் போகிற நேரம் பார்த்து வானம் பொத்துக்கொள்கிறது. மண் கலவை, தொட்டி, தொட்டியை வைக்கும் இடம், உரம் நிறுத்தும் நாள் என்று கீழே வருவதில் முக்கால்வாசி இந்த ஒரு முரணைச் சமாளிக்கத்தான்.

எது அடீனியா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு ரோஜா நிறத்தில் பூத்து நிற்கிறதே, அது அடினியம், அரளிக் குடும்பம். அடீனியா பாஸிஃப்ளோரேசி குடும்பம், அதாவது பாஷன் ஃப்ரூட்டின் சொந்தம். இணையத்தில் விற்பவர்கள் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அடினியத்தில் பற்றுக்கம்பி கிடையாது. அடீனியா கொடியின் கணுக்களில் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி இருக்கும். சில இனங்களில் அதுவே முள்ளாக மாறியிருக்கும். காசு கொடுக்குமுன் கணுவைப் பாருங்கள்.

இந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பழக வெளியூர் போக வேண்டியதில்லை. வேலியிலும் சவுக்குத் தோப்பு ஓரத்திலும் படர்ந்து கிடக்கும் சிறுபூனைக்காலி இதே குடும்பம்தான். வலைபோட்ட மாதிரி உறைக்குள் காயும் பழமும் இருக்குமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கேயே ஊன்றிவிட்ட கொடி. அடீனியாவில் சுமார் 100 இனங்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும்கூட ஒன்று உண்டு, அடீனியா ஹோண்டலா. அது ஈரக்காட்டுக் கொடி. கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். தொட்டியில் வைத்து அழகு பார்க்க உகந்தது அல்ல.

விஷம் விளையாட்டல்ல

இதைத் தள்ளிப்போட்டுப் படிக்க வேண்டாம். அடீனியா டிஜிட்டாட்டாவின் கிழங்கில் மொடெக்சின், அடீனியா வோல்கென்ஸியில் வோல்கென்சின் என்ற நச்சுப் புரதங்கள் இருக்கின்றன. குன்றிமணியில் உள்ள ஆப்ரின், ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் இவற்றோடு ஒரே வகையில் சேர்பவை. செல்லுக்குள் புரதம் தயாராகும் இடத்தையே முடக்கிவிடும். இது தவிர, சயனைடை வெளிவிடும் சேர்மங்களும் இந்தப் பேரினத்தில் உண்டு. எந்த இனத்தில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் விஷம் என்றே வையுங்கள். 'கிழங்கு' என்ற சொல்லைக் கேட்டதும் மருந்துக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். ஆகாது.

வெட்டும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த தண்டை ரம்பத்தால் அறுத்தால் தூள் பறக்கும். முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். கத்தி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கழித்த கொடியைத் தெருவில் போட்டால் மாடும் ஆடும் மேயும், ஆகவே சாக்கில் கட்டிக் குப்பையில் சேருங்கள். குழந்தைகள் தவழும் வீட்டில் தொட்டி கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், அல்லது இந்தச் செடியே வேண்டாம்.

எந்த இனம்?

முதல் செடிக்கு அடீனியா கிளாக்கா. ஐந்து பிரிவாக விரிந்த நீலப்பச்சை இலை, மேல்பாதி பச்சையும் அடிப்பாதி வெளிர்நிறமுமான உருண்டை அடித்தண்டு. தவறு செய்தாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், வேகமாகவும் வளரும். அடுத்தது அடீனியா ஸ்பைனோசா; முள் உண்டு, வளர்ச்சி மெதுவு. கென்யா, தான்சானியா, சோமாலியாவின் அடீனியா குளோபோசா வேறு ரகம்: பச்சைப் பாறையாகத் திரண்ட அடித்தண்டு, அதிலிருந்து கிளம்பும் தடித்த முட்கிளைகள், பேருக்குக் கொஞ்சம் இலை. இலையின் வேலையைப் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்ளும். மாடி மூலையில் முள்ளுக்கு இடம் ஒதுக்க முடிந்தால் வாங்கலாம். நமீபியாவின் அடீனியா பெச்சுவெலியை நம் கடற்கரை ஈரத்தில் வளர்க்க நினைப்பது பிடிவாதம். பணமும் அதிகம் போகும்.

மடகாஸ்கரின் அடீனியா ஃபிரிங்கலவென்சிஸ், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எந்த இனமானாலும் வெளிநாட்டிலிருந்து நேரே தருவிக்க வேண்டுமென்றால் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, 2003-இன்படி இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 'பார்சலில் போட்டு விடுகிறேன்' என்பவரிடம் வாங்க வேண்டாம். பெரும்பாலும் அது காட்டிலிருந்து பிடுங்கிய, வேரில்லாத தண்டாகத்தான் இருக்கும்.

வாங்கும் மாதம் மாசி அல்லது பங்குனி. புரட்டாசியில் தள்ளுபடிக்கு மயங்கி வாங்கினால், வேர் ஊன்றுமுன்பே மழை வந்துவிடும்.

தொட்டியும் மண்ணும்

வில்லியனூர்ச் சுடுமண் தொட்டிகள் இதற்குப் பொருத்தம். மெருகு பூசாததாகப் பாருங்கள்; சுவர் வழியாகவே ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் தொட்டி சாகடிக்காது, ஆனால் கார்த்திகையில் காய இரண்டு மடங்கு நாளாகும். அடித்தண்டைச் சுற்றி மூன்று விரற்கடை இடம் இருந்தால் போதும். பெரிய தொட்டி வாங்கினால் செடி பெரிதாகும் என்று நினைக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கும், அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். அடியில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவில் ஒரு துளை, அல்லது விரல் நுழையும் மூன்று துளைகள் இருக்க வேண்டும்.

கலவை பத்துப் பங்கு என்று வைத்துக்கொண்டால்: உடைத்த செங்கல் நாலு பங்கு, கழுவிய பருமணல் மூன்று, சலித்த செம்மண் ஒன்று, மண்புழு உரம் ஒன்று, அடுப்புக்கரித் துண்டு ஒன்று. பத்து லிட்டர் கலவைக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு போட்டு, லேசாக ஈரப்படுத்தி பத்து நாள் நிழலில் கிடக்க விடுங்கள். புண்ணாக்கு புளிக்கும்போது எழும் சூடு அதற்குள் அடங்கிவிடும்.

செங்கல் நாட்டுச் செங்கலாக இருக்க வேண்டும். ஃப்ளை ஆஷ் கல்லை உடைத்துப் போட்டால் அதிலிருக்கும் சுண்ணாம்பும் சிமென்ட்டும் மண்ணைக் காரமாக்கிவிடும். 4 முதல் 8 மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்து, சலித்து, தூளைக் கட்டாயம் நீக்குங்கள். தூள் இருந்தால் இரண்டே மாதத்தில் அடியில் சேறாகப் படிந்து துளையை அடைக்கும். எம்-சாண்ட் வாங்கினால் பூச்சு வேலைக்கான மெல்லிய ரகம் வேண்டாம், கான்கிரீட்டுக்கான பருமணல் வாங்கி வாளியில் நாலைந்து தண்ணீர் அலசுங்கள். கடற்கரை மணல் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். தேங்காய் நார்க்கழிவு மற்ற செடிகளுக்குச் சரி. இதற்கு ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும்.

தொட்டி அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பழைய நம்பிக்கை. நுண்மண்ணிலிருந்து பருக்கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே ஓர் ஈர அடுக்காக நிற்கும். துளை மேல் ஓர் ஓட்டுச் சில்லு வைத்து, அடி முதல் மேல்வரை ஒரே கலவையைப் போடுங்கள். நிரப்பியபின் ஒரு லிட்டர் ஊற்றிப் பாருங்கள். சில நொடிகளில் மேற்பரப்பிலிருந்து மறைந்து, ஒரு நிமிடத்துக்குள் அடியில் ஓட வேண்டும். தேங்கி நின்றால் இன்னும் ஒரு பங்கு செங்கல்.

இளஞ்செடியின் அடித்தண்டை மண்ணுக்குள் புதைத்தே வையுங்கள். வெளியே எடுத்து வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், பருப்பது மட்டும் நின்றுபோகும். ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்திக்கொண்டே வந்தால் போதும்.

மாசி முதல் ஆவணி வரை

மாசியில் நுனியில் பச்சைப் புள்ளி தெரியும். அதுவரை தண்ணீர் இல்லை. மொட்டு தெரிந்ததும் முதல் தண்ணீர் தொட்டி விளிம்போரம் மட்டும், 20 சென்டிமீட்டர் தொட்டிக்கு ஒரு டம்ளர். இலை விரிந்தபின் முழுத் தண்ணீர். ஊற்றினால் அடியில் ஓடும்வரை ஊற்றுங்கள், பிறகு காயவிடுங்கள். மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை செருகி எடுத்துப் பார்த்தால் தெரியும்: மண் ஒட்டாமல் உலர்ந்து வந்தால்தான் அடுத்த தண்ணீர். வைகாசியில் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை தேவைப்படும். ஆடி, ஆவணியில் மாலை இடிமழை பெய்தால் அதுவே போதும்.

கொடிக்கு முழு வெயில், அடித்தண்டுக்கு நிழல். சொந்த நாட்டில் அடித்தண்டு பாறை இடுக்கிலும் புதர் நிழலிலும் கிடக்கும். கொடி மட்டும்தான் வெளிச்சத்துக்கு ஏறும். மேற்கு வெயில் நேரே பட்டால் பச்சைத் தோல் வெளுத்து, பிறகு பழுப்புத் தழும்பாகிவிடும். அது மறையவே மறையாது. கூரை ஓடு ஒன்றையோ சிறு தொட்டியையோ மேற்குப் பக்கம் சாய்த்து வைத்தால் தீர்ந்தது. தொட்டி தளத்தில் படாமல் இரண்டு செங்கல் மேல் இருக்கட்டும். சூடும் ஏறாது, துளையும் அடைபடாது.

கொடி ஒரு பருவத்தில் இரண்டு மூன்று மீட்டர் ஓடும். நாலு மூங்கில் குச்சியும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் போதும், பற்றுக்கம்பி தானே பிடித்துக்கொள்ளும். அடித்தண்டு பருக்க வேண்டுமென்றால் ஆவணி வரை கொடியை வெட்டாதீர்கள். சேமிப்பு இலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. உரம்: தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19, லிட்டருக்கு ஒரு கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆவணி பாதியோடு நிறுத்தம். அதன்பின் போடும் தழைச்சத்து இளந்தளிரைத்தான் கிளப்பும். தளிரோடு மழைக்குள் போகிற செடிதான் முதலில் அழுகும்.

கடலோர போர்வெல் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. தொட்டி வெளிச்சுவரில் வெள்ளைப் பூச்சு படிவதும் இலை ஓரம் கருகுவதும் அதன் அடையாளம். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைத் தவிர்த்து, ஆடியில் பிடித்து வைத்த மழைநீரைக் கொடுங்கள். அல்லது மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் தொட்டியை நன்றாகக் கழுவி ஓடவிடுங்கள். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் காற்றடித்த மறுநாள் இலைகளையும் கழுவிவிட வேண்டும்.

புரட்டாசி தொடங்கி

புரட்டாசியில் தண்ணீர் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். இலை மஞ்சளாகத் தொடங்கினால் நல்லது. மகாளய அமாவாசை கழிந்ததும் மழைக்கு ஒதுக்கும் வேலையை முடித்துவிடுவது உத்தமம். ஐப்பசி முதல் மழை சொல்லிவிட்டு வருவதில்லை.

இடம் தேர்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. வடகிழக்குப் பருவமழை கடல் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும், அதனால் கிழக்கு, வடக்குச் சன்ஷேடுகள் பயனில்லை. வீட்டின் தெற்கு அல்லது மேற்குச் சுவரோரம், சன்ஷேடுக்கு அடியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். புயல் என்றால் இதுவும் போதாது. கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் திரும்பி, காலையில் பத்திரமாக இருந்த சுவரை மாலையில் நனைக்கும். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படி ஒரு நாளில் எந்த மண் கலவையும் காப்பாற்றாது. எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். இலையில்லாத செடிக்குப் பத்து நாள் இருட்டு ஒரு பொருட்டே இல்லை.

பாலிதீன் ஷீட்டால் மூடிக் கட்டுவது தவறு. மழை படாது, ஆனால் உள்ளே வியர்த்து நுனியிலிருந்து பூஞ்சை பிடிக்கும். கூரை மேலே இருக்கட்டும், நாலு பக்கமும் காற்று ஓடட்டும்.

இலை முழுக்க உதிர்ந்த பிறகு தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். அப்போது கொடியையும் அடித்தண்டிலிருந்து இரண்டு மூன்று கணு விட்டு வெட்டலாம். நம் குளிர் குளிரே அல்ல என்பதால் சில செடிகள் பாதி இலையோடு மார்கழி வரை நிற்கும். அவற்றுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விளிம்போரம் அரை டம்ளர். இரண்டு வயதுக்குக் குறைந்த நாற்றையும் முற்றிலும் காயவிட வேண்டாம், அதன் சேமிப்பு அவ்வளவு நாள் வராது.

அழுகலா, தாகமா?

இதைத் தவறாகப் படிப்பதால்தான் பாதிச் செடிகள் போகின்றன. தையில் தண்டு அமுங்குகிறது என்று பயந்து, அழுகலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு, தாகத்தைக் கத்தியால் அறுக்கிறவர்களும் உண்டு.

விளிம்போரம் மண்ணை இரண்டு விரற்கடை விலக்கி, வேர் தொடங்கும் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல தண்டு பச்சைச் சேனைக்கிழங்கைப் போல் விறைப்பாக இருக்கும். தாகம் என்றால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக லேசாக அமுங்கும், தோல் மெல்லச் சுருங்கியிருக்கும், வாடை இருக்காது. அழுகல் என்றால் ஒரு பக்கம் மட்டும் உள்ளே போகும். அந்த இடத்தில் பச்சை மங்கிப் பழுப்பாகியிருக்கும், விடாமல் அழுத்தினால் நீர் கசியும், புளித்த வாடை வரும். இலையில்லாத செடி தண்ணீரை உறிஞ்சாது. மண்ணில் காற்றோட்டம் போய் வேர் மூச்சுத் திணறிச் சாகும். செத்த வேர் வழியாகப் பித்தியம், ஃபியூசேரியம் போன்ற அழுகல் கிருமிகள் தண்டுக்குள் ஏறும். தண்டின் வெளியே தெரியும்போது உள்ளே மூன்று நாலு விரற்கடை போயிருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக் கழுவுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, அழுகிய பகுதியைச் சீவிக்கொண்டே போங்கள். வெட்டுமுகம் முழுவதும் ஒரே வெளிர்நிறமாக வரவேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் வெட்டுங்கள். சுத்தமான பிறகும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக எடுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துத் தடவலாம், கந்தகத் தூளும் ஆகும். மஞ்சள்தூளால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பிக் கொஞ்சம் அழுகலை மிச்சம் வைப்பதால்தான் கெடுதல்.

கார்த்திகைக் காற்றில் காயம் தானாகக் காயாது. வெட்டுமுகம் மேலே பார்க்கக் கம்பித் தட்டில் வைத்து, முதல் இரண்டு நாள் மின்விசிறிக் காற்று. பிறகு நிழலில் இரண்டு மூன்று வாரம். விரலால் தட்டினால் கட்டை போல் ஒலிக்க வேண்டும். உடனே நட அவசரம் வேண்டாம். மண்ணில்லாமலே மாசி வரை கிடக்கும், எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மாசியில் வெறும் செங்கல், பருமணலில் வைத்து, மொட்டு தெரிந்தபின் தண்ணீர்.

அழுகல் இல்லை, தொட்டி மட்டும் நனைந்துவிட்டது என்றால் தொட்டியைச் சாய்த்து வைத்து ஓடவிடுங்கள். இரண்டு நாளில் குச்சி உலர்ந்து வராவிட்டால் பிடுங்கி, வேரோடு செய்தித்தாள் மேல் காயப்போடுவதே பத்திரம்.

பூச்சிகள்

டானி காஸ்டர் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக்குச் சிறுபூனைக்காலி பிடித்த உணவு. பக்கத்தில் அடீனியா இருந்தால் அதிலும் முட்டையிடும். செம்பழுப்பு நிறத்தில், கிளைத்த முட்களோடு வரும் புழுக்கள் இரண்டு நாளில் இலைகளை மொட்டையடிக்கும். முட்டை மஞ்சளாக இலை மேல் கொத்தாக இருக்கும்போதே அந்த இலையைக் கிள்ளி, வேலியில் இருக்கும் சிறுபூனைக்காலி மேல் போட்டுவிடுங்கள். மருந்தடிக்கத் தேவையில்லை. ஆனியில் மொட்டையடித்தாலும் கிளாக்கா மறுபடி துளிர்க்கும்.

வறண்ட காற்றில் சிலந்திப்பேன் வரும்; இலை அடியில் தண்ணீரைப் பீய்ச்சினால் குறையும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, சில துளி திரவச் சோப்பு, மாலை நேரத்தில். இலை எல்லாம் சரியாக இருந்தும் செடி வளராமல் நின்றால் பிடுங்கிப் பாருங்கள்: வேரில் வெள்ளை மாவு படிந்திருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்க மாற்றுவதே தீர்வு.

விதையும் துண்டும்

அடீனியா பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனிச் செடி. ஒற்றைச் செடியை வைத்துக்கொண்டு காய்க்கவில்லையே என்று உரம் போடுவது வீண். பூ சிறிது, பச்சை கலந்த மஞ்சள். உள்ளே சிறு உருண்டையாகச் சூலகம் தெரிந்தால் பெண். இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தால் மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை மாற்றிவிடலாம்.

விதை பழையதானால் முளைக்காது. வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறவைத்து, பங்குனியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். நம் ஊர்ச் சூடே போதும். இரண்டு வாரத்தில் முளைப்பதும் உண்டு, ஆறு வாரம் எடுப்பதும் உண்டு. அதற்குமுன் தோண்டிப் பார்த்துக் கெடுக்காதீர்கள்.

வெட்டிய கொடியில் பென்சில் பருமனுக்குக் குறையாத துண்டை ஒரு வாரம் காயவைத்து நட்டால் வேர் பிடிக்கும். ஆனால் விதைச்செடி மாதிரி உருண்டை அடித்தண்டு சீக்கிரம் வராது. வருடங்கள் கழித்துக் கோணலாகத்தான் பருக்கும். நர்சரியில் 'காடெக்ஸ் செடி' (பருத்த அடித்தண்டுச் செடி) என்று விலை சொன்னால், மேல்மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இறங்கினால் அது துண்டுச்செடி. அதற்குத் துண்டுச்செடி விலைதான் கொடுக்க வேண்டும்.